மஞ்சக்குடியில் பதினைந்து நாள்

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. தமிழ்நாடு அரசாங்கம் நடத்துகிற டாஸ்மாக் கடைகள் எந்தச் சட்டத்தின் நிழலில் நடக்கின்றன? 'மது விற்பனைச் சட்டம்' என்று ஏதாவது இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அந்தச் சட்டத்தின் பெயர், 'தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937'!

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். ராஜாஜி மதுவை ஒழிக்கக் கொண்டுவந்த சட்டம். அதன் கீழ் விதிகளைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் மது விற்பதற்கும் அதையே ஆதாரமாக்கிக்கொண்டோம். துறையின் பெயரும் 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை'. விலக்குவதும் அவர்களே, வரி வாங்குவதும் அவர்களே.

சிரிப்பு வருகிறது இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். 1937-லிருந்து இன்றுவரை தமிழ்நாட்டில் மது பற்றி நடந்த சண்டைகளை எல்லாம் எடுத்து வைத்துப் பாருங்கள். சட்டசபை, மேடை, ஊர்வலம், கோர்ட்... எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். கடையைத் திறப்பதா, மூடுவதா? அந்தக் கடைக்கு தினமும் போகிற மனிதன் இருக்கிறானே, அவனை என்ன செய்வது என்ற கேள்வி வெகுகாலம் யார் காதிலும் விழவில்லை. விழுந்தபோது, அதற்கு ஒரு நல்ல விடை தஞ்சாவூர்ப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம்.

காவிரிப் பாசன பூமியில் நெல்லுக்கு அடுத்தபடி கண்ணில் படுவது தென்னையும் பனையும்தான். மரம் இருந்தால் கள் இருக்கும். கள் இருந்தால் சர்க்கார் சும்மா இருக்குமா? வெள்ளைக்காரன் காலத்தில் கள் இறக்கும் மரத்துக்கு வரி, கள்ளுக்கடைக்கு ஏலம். 1886-ல் சென்னை மாகாணத்துக்கு என்று தனியாக ஆப்காரிச் சட்டமே போட்டார்கள். ஏலத்தில் அதிகத் தொகை கேட்பவருக்குக் கடை. போட்ட பணத்தை எடுக்க வேண்டுமானால் நாலு பேர் குடித்தால் போதாது, நாற்பது பேர் குடிக்க வேண்டும். குடியை வளர்ப்பதற்கு இதைவிடச் சுலபமான வழியை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது!

கடைக்கு வந்தவர்கள் யார்? தஞ்சை ஜில்லாவில் அந்த நாட்களில் பண்ணையாள் முறை. விடிவதற்கு முன்னால் வயலில் இறங்கி, இருட்டிய பிறகு கரை ஏறுகிற வாழ்க்கை. தப்பு செய்தால் சாட்டையடியும் சாணிப்பாலும். 1940-களில் பி.சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயச் சங்கம் கட்டி எதிர்த்து நிற்கும்வரை இதைக் கேட்பார் இல்லை. அப்படிப்பட்ட உடம்பு வலிக்கு சாயங்காலத்தில் கிடைத்த ஒரே மருந்து கள். மருந்தைக் குடித்தவனுக்குக் கிடைத்த பட்டமோ, 'குடிகாரப் பயல்'. குடி என்பது அவன் சாதியின் குணம், அவன் புத்தியின் கோளாறு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இந்த முடிவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தேசிய இயக்கம் மதுவைப் பெரிய எதிரியாகப் பார்த்தது. 1921-ல் கள்ளுக்கடை மறியலில் ஈரோடு கொதித்தது. பெரியார் தன் தோப்பில் இருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். 1937-ல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. அக்டோபர் 1-ம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலானது. கள், சாராய வருமானம் போகுமே, கஜானாவுக்கு என்ன வழி? 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார் ராஜாஜி. மதுவிலக்கு பல தடவை போனது, வந்தது. விற்பனை வரி மட்டும் வந்தது வந்ததுதான்!

அந்தச் சேலம் பரிசோதனையை நியாயமாகப் பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை சேலத்தில் விசாரணை நடத்தியது. கூலிக்காரக் குடும்பங்களில் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தது என்று தெரிந்தது. நல்ல சேதி. ஆனால், அந்த விசாரணையின் கேள்விகள் பணத்தைப் பற்றியவை. குடும்பத்தின் கணக்குப் புத்தகம் கிடைத்தது. இருபது வருஷமாகக் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், செப்டம்பர் 30-ம் தேதி ராத்திரி கடை மூடியதும் அக்டோபர் 3-ம் தேதி எப்படி இருந்தார்? அது கணக்கில் வருகிற விஷயம் இல்லை.

உலகப் போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. சுதந்திரத்தை ஒட்டி மறுபடி ஜில்லா ஜில்லாவாக வந்து, ஓமந்தூரார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2-ம் தேதி மாகாணம் முழுக்க மதுவிலக்கு என்றாயிற்று. தஞ்சை ஜில்லாவும் உலர்ந்தது.

உலர்ந்ததா? டெல்டாவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நடுவில் கடலோரமாக ஒரு துண்டு, காரைக்கால். அது அப்போது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். 1954 நவம்பர் வரை அவர்கள் ஆட்சி. பிறகு புதுச்சேரியோடு சேர்ந்தது. சென்னை சர்க்காரின் சட்டம் எப்போதுமே அங்கே செல்லாது. நாகூரிலிருந்து நடந்துபோனாலே எல்லை வந்துவிடும். சுற்றிலும் மதுவிலக்கு, நடுவில் மதுக்கடை! குடத்தை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அடியில் ஓட்டை இருந்தால் என்ன பிரயோஜனம்? எல்லைக்குப் போக முடியாதவர்களுக்காக ஊருக்குள்ளேயே ஊறல் போட்டார்கள். பானையை மண்ணில் புதைத்து, ராத்திரியில் காய்ச்சி, விடிவதற்குள் விற்று முடித்தார்கள். அதுவும் கிடைக்காத இடத்தில் இஞ்சி டிங்சரும் வார்னிஷும்!

அந்தக் கால மதுவிலக்கில் 'பர்மிட்' என்று ஒன்று உண்டு. உடல்நிலைக்கு மது அவசியம் என்று டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தால், சர்க்கார் அனுமதி கொடுக்கும். யாருக்குக் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வசதி உள்ளவர் குடித்தால் அவர் 'உடல்நிலை சரியில்லாதவர்'. கூலிக்காரர் குடித்தால் அவர் 'குற்றவாளி'. ஒருவருக்கு டாக்டர், இன்னொருவருக்குப் போலீஸ். வேடிக்கை என்னவென்றால், டாக்டரிடம் போனவருக்கும் கிடைத்தது சிகிச்சை இல்லை... பாட்டில்தான்!

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்த கண்ணாமூச்சி ஆட்டம். 1971-ல் கருணாநிதி ஆட்சியில் கடைகள் திறந்தன. 1974-ல் அவரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தன. 1983-ல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் பிறந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. 1990-ல் மலிவு விலை மது. 1991-ல் ஜெயலலிதா அதை நிறுத்தினார். அவர் ஆட்சியிலேயே 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்குப் போனது. திற, மூடு, திற, மூடு... கதவின் கீல்தான் தேய்ந்தது.

சரி, இப்போது அந்த மனிதனிடம் வருவோம்.

தினமும் நிறையக் குடித்துப் பழகிய ஒருவர், ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பில் என்ன நடக்கிறது தெரியுமா? மூளையை மந்தப்படுத்துவது மதுவின் வேலை. வருஷக்கணக்கில் அந்த மந்தத்தை எதிர்த்துத் தாக்குப்பிடிக்க, மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று மது நின்றால் பிரேக் மட்டும் போய்விடுகிறது, வேகம் அப்படியே இருக்கிறது. ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்து ஒரு சிலருக்கு ஜன்னி கண்ட மாதிரி ஆகிவிடும். இல்லாத ஆட்கள் தெரிவார்கள், பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கும், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. உடனே கவனிக்காவிட்டால் உயிரே போகலாம்.

நம் ஊரில் இது எப்படி நடக்கும்? மனைவி அழுகிறார். குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போய், கையில் கயிறு கட்டி, 'இனிமேல் தொடமாட்டேன்' என்று சத்தியம் வாங்குகிறார்கள். மனுஷன் மனசாரத்தான் சத்தியம் செய்கிறார். மூன்றாம் நாள் ராத்திரி உளற ஆரம்பிக்கிறார். 'சாமி குத்தம்', 'காத்து கறுப்பு' என்று வீடு நடுங்குகிறது. யாரோ ஒரு விவரமான ஆள், 'கொஞ்சம் ஊத்திக் குடுங்க, சரியாயிடும்' என்கிறார். கொடுத்ததும் நடுக்கம் நிற்கிறது! சத்தியம் போச்சு, மானம் போச்சு. 'இவன் திருந்தவே மாட்டான்' என்று ஊர் மறுபடி முடிவு கட்டுகிறது. முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த முடிவு!

இந்த இடத்தில் தேவைப்பட்டது சாமியும் இல்லை, போலீஸும் இல்லை. நடுக்கத்தை அடக்கி மெள்ள மெள்ள இறக்குகிற மாத்திரை, பி-1 வைட்டமின், பக்கத்தில் ஒரு நர்ஸ், நாலைந்து நாள் படுக்கை. அவ்வளவுதான். (உங்கள் வீட்டில் தினமும் நிறையக் குடிக்கிறவர் யாராவது இருந்தால், டாக்டரிடம் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள்.)

குடி ஒரு நோய் என்கிற எண்ணம் உலகத்துக்கும் சீக்கிரம் வந்துவிடவில்லை. அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ரஷ் 1784-லேயே அதை எழுதினார். பெரும்பாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியில் மூழ்கி எழுந்த இரண்டு பேர், ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறலாம் என்று ஆரம்பித்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. 1956-ல்தான் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிப்பழக்க அடிமைத்தனத்தை நோயாக ஒப்புக்கொண்டு, ஆஸ்பத்திரிகள் இவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்றது.

தமிழ்நாட்டில் அந்த எண்ணத்துக்கு ஒரு விலாசம் கிடைத்தது 1980-ல். முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன். குடிநோய் அவரைச் சின்ன வயசிலேயே கொண்டுபோய்விட்டது. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் வீட்டுக்குள் முடங்கவில்லை. கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைச் சென்னையில் ஆரம்பித்தார். அதுதான் பலரும் 'டி.டி.கே. ஆஸ்பத்திரி' என்று சொல்கிற இடம். பணத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லாத குடும்பத்திலேயே இந்த நோய் புகுந்து உயிரை எடுத்தது என்றால், குடி என்பது சாதியின் குணமும் இல்லை, ஏழையின் புத்திக் கோளாறும் இல்லை. ஊர் கட்டிய முடிவு பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்த மாதிரி இடங்களால் நம் பேச்சிலேயே ஒரு சொல் மாறியது. 'குடிகாரன்' இருந்த இடத்தில் 'குடிநோயாளி' வந்தது. சொல் மாறினால் என்ன ஆகும் என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். 'காரன்' என்றால் திட்டத் தோன்றும். 'நோயாளி' என்றால் 'எத்தனை நாளா இருக்கு, எங்கே காட்டினீங்க?' என்று கேட்கத் தோன்றும்.

ஆனால், சென்னையில் ஆஸ்பத்திரி இருந்தால் குடவாசல் பக்கத்து விவசாயக் கூலிக்கு என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து சென்னைக்கு வரவேண்டும். நடுக்கத்தோடு வரவேண்டும். கூட மனைவி வந்தால் நடவுக்கூலி போச்சு. பிள்ளைகளை யார் பார்ப்பது, ஆட்டை மாட்டை யார் பார்ப்பது? போய்ச் சேர்ந்தாலும், குணமாகித் திரும்புகிற ஊர் அதே ஊர். அங்கே அதே கூட்டாளி, அதே கடை, 'என்னப்பா, பட்டணத்து வைத்தியம் எத்தனை நாளைக்கு?' என்கிற அதே நக்கல். மாதாமாதம் டாக்டரைப் பார்க்க மறுபடி சென்னையா? நடக்கிற காரியமா!

நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. அப்படியானால் ஆஸ்பத்திரி நோயாளியிடம் போகவேண்டியதுதானே?

இது ஒன்றும் நமக்குப் புதுசு இல்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தள்ளிப்போட்டுவிட்டு நடக்கிற கண் சிகிச்சை முகாமை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மதுரை டாக்டர் வெங்கடசாமியின் அரவிந்த் ஆஸ்பத்திரி அந்த வழியில் எத்தனையோ லட்சம் பேருக்குப் பார்வை கொடுத்தது. ராஜஸ்தானில் ஜோத்பூர் பக்கம் மாணக்லாவ் என்ற கிராமத்தில், அபின் பழக்கத்தை விடுவிக்க இதேபோல் முகாம்கள் நடந்தன. ஆனால், கண் புரை என்றால் ஒரு தடவை ஆபரேஷன், முடிந்தது. குடிக்கு எத்தனை நாள் முகாம் போடுவது? யார் சோறு போடுவது? ராத்திரி யாருக்காவது வலிப்பு வந்தால்?

1989-ல் டி.டி.கே. குழு இதைச் செய்துபார்க்கக் கிளம்பிய இடம்தான் மஞ்சக்குடி. குடவாசல் வட்டாரத்தில் இருக்கிற சின்ன கிராமம். சுவாமி தயானந்த சரஸ்வதி பிறந்த ஊர் என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்குத் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது, அன்றைக்குப் பிரிக்கப்படாத தஞ்சாவூர் மாவட்டம்.

முகாம் என்றதும் ஷாமியானா, ரிப்பன், மைக் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை அதற்கு முன்னாலேயே ஆரம்பம். முதலில், ஊரில் நாலு பேர் மதிக்கிற ஓர் உள்ளூர் அமைப்பு பொறுப்பேற்க வேண்டும். தங்குவதற்கு இடமும் சாப்பாடும் அவர்கள் பக்கம். பிறகு சுற்று வட்டாரத்தில் கூட்டம் போட்டு, 'இது ஒரு நோய், இதற்கு வைத்தியம் உண்டு' என்று சொல்லவேண்டும். யார் யாருக்குச் சிகிச்சை தேவை என்று கண்டுபிடித்து, விருப்பம் உள்ளவர்களைச் சேர்க்கவேண்டும். அப்புறம்தான் டாக்டர், நர்ஸ், ஆலோசகர்கள் எல்லாம் சென்னையிலிருந்து வந்து தங்குவார்கள்.

மொத்தம் பதினைந்து நாள். முதல் சில நாட்கள் மருந்து. நடுக்கத்தை இறக்கி, உடம்பைத் தேற்றுவது. உடம்பு ஒரு நிலைக்கு வந்ததும் மனசுக்கு வேலை. குடி உடம்பை என்ன செய்கிறது என்று வகுப்பு, வட்டமாக உட்கார்ந்து பேசுவது, தனியாக ஆலோசகரிடம் பேசுவது. வீட்டுக்காரர்களுக்கும் தனியாக வகுப்பு உண்டு. 'நான் ஒழுங்காக இருந்திருந்தால் அவர் குடித்திருக்க மாட்டாரோ' என்று தன்னையே நொந்துகொண்டிருக்கும் மனைவிக்கு, 'அம்மா, இது உங்கள் தப்பு இல்லை' என்று முதல்முறையாக ஒருவர் சொல்வது எவ்வளவு பெரிய மருந்து!

பதினைந்து நாள் முடிந்தால் கதை முடிந்ததா? அங்கேதான் ஆரம்பமே. குழு மாதம் ஒருமுறை அதே ஊருக்குத் திரும்பி வந்து, குணமானவர்களையும் குடும்பத்தையும் பார்க்கும். ஒரு வருஷம் இப்படி. நோயாளி டாக்டரைத் தேடி 300 கிலோமீட்டர் போகவேண்டாம். டாக்டரே தேடி வருவார்.

இதில் மருந்து புதுசு இல்லை. ஆலோசனை முறையும் வெளிநாட்டில் இருந்ததுதான். புதுசு எது தெரியுமா? ஊர்! இத்தனை காலமும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஊர், இப்போது சோறு சமைத்தது. யார் யார் குடிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த கிராமத்தில், யார் யார் நிறுத்தினார்கள் என்றும் எல்லோருக்கும் தெரியும். தெருவில் எதிர்ப்படுகிறவர் 'ஒன்னு போடலாமா?' என்று கேட்காமல், 'உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்டால் பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும். ஒரே கூட்டாளிகளாகக் குடித்தவர்கள் ஒரே முகாமில் சேர்ந்து நிறுத்தினால், திரும்பிப் போகும்போது கூட்டாளியும் மாறியிருப்பான் அல்லவா?

1994-ல் சாந்தி ரங்கநாதன் இந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். வெளியானது, இங்கிலாந்திலிருந்து வரும் 'அடிக்‌ஷன்' இதழில். 1884-ல் ஆரம்பித்த பத்திரிகை, இந்தத் துறையிலேயே மிகப் பழசு. கட்டுரையின் தலைப்பிலேயே 'மஞ்சக்குடி அனுபவம்' என்று ஊர்ப்பெயர்! 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ, 1999-ல் வியன்னாவில் ஐ.நா. சபையின் விருது. குடிபோதை மீட்பு முகாம்கள் மத்திய அரசின் உதவித் திட்டத்திலும் ஓர் அங்கமாக இடம்பிடித்தன.

'என்ன சார், பதினைந்து நாளில், பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுக்கவைத்துத் தீர்கிற வியாதியா இது?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் தீராது. திரும்பக் குடிக்கிறவர்கள் உண்டு. மறுபடி சிகிச்சைக்கு வரவேண்டியவர்களும் உண்டு. சர்க்கரை நோய்க்காரர் ஒரு நாள் அல்வா சாப்பிட்டுவிட்டார் என்பதற்காக டாக்டர் அவரைத் துரத்திவிடுகிறாரா என்ன? ஆனால், பெரிய ஆஸ்பத்திரி, பெரிய செலவு என்றால்தான் பலன் என்பது சரியில்லை என்று உலகமே சோதித்துப் பார்த்திருக்கிறது.

1977-ல் லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். 'அடிக்‌ஷன்' இதழுக்கு ரொம்பக் காலம் ஆசிரியராக இருந்தவர் இவர். குடிக்கு அடிமையான, கல்யாணமான 100 ஆண்களை எடுத்துக்கொண்டார். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்கு முழுச் சிகிச்சை. மீதிப் பேருக்கு மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை நல்ல ஆலோசனை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், இரண்டு கோஷ்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! டாக்டர் உலகம் திடுக்கிட்டது.

நம் நாட்டிலேயே, கோவாவில் நடந்த ஆய்வு 2017-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த 377 ஆண்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்கு அதோடு சேர்த்து, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் சில தடவை உட்கார்ந்து பேசினார்கள். பேசியவர்கள் டாக்டர்களும் இல்லை, மனநல நிபுணர்களும் இல்லை. மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவிகிதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 26 சதவிகிதம். நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதல், அதுவும் வெறும் பேச்சால்!

ஆக, வழி தெரியும். மருந்து விலை அதிகம் இல்லை. நம் ஊரிலேயே செய்து காட்டியும் ஆயிற்று. அப்படியானால் இன்றைக்கு எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?

2019-ல் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் போதை சிகிச்சை மையம், மத்திய அரசுக்காக நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. குடிக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்தது 38 பேருக்கு ஒருவருக்குத்தான். ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றது 180 பேருக்கு ஒருவர். மீதி 37 பேர் என்ன ஆனார்கள்? கயிறு கட்டினார்கள், சத்தியம் செய்தார்கள், நடுங்கினார்கள், திரும்பக் குடித்தார்கள்.

இதோடு இன்னொரு எண்ணையும் வைத்துப் பாருங்கள். 2024-25 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். வெள்ளைக்காரன் கள்ளுக்கடை ஏலத்தில் போட்ட அதே கணக்குதான். சைபர்கள் மட்டும் கூடியிருக்கின்றன.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத்தான் பிடிக்கும். 'கண்ணு தெரியலையே' என்பது அதன் பயங்கரமான அறிகுறி. அதே மாதம் சட்டசபையில் தண்டனையைக் கடுமையாக்கித் திருத்தம் வந்தது. எந்தச் சட்டத்துக்குத் திருத்தம்? ஆரம்பத்தில் பரீட்சை வைத்தேனே... அதே 1937 சட்டத்துக்கு! காய்ச்சுகிறவனுக்குத் தண்டனை வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால், டாஸ்மாக் இருக்கிற ஊரில், காலையிலேயே கை நடுங்கி, கிடைத்ததைக் குடிக்கிற ஒருவருக்கு அந்தத் திருத்தத்தில் என்ன இருக்கிறது?

கடைகளைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடை குறைந்தால் புதிதாகப் பழகுகிறவர்கள் குறைவார்கள். சேலத்தில் குடும்பங்கள் மூச்சு விட்டதையும் பார்த்தோம். 2023 ஜூனில் ஒரே நாளில் 500 கடைகள் மூடப்பட்டன. நல்ல காரியம். ஆனால், ஒரு கடையை மூடும்போது, அந்தக் கடைக்கு தினமும் வந்துகொண்டிருந்தவர்கள் மறுநாள் எங்கே போவார்கள் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். மூடுகிற ஒவ்வொரு கடைக்கும் பக்கத்தில், அரசு ஆஸ்பத்திரியில் நாலு படுக்கையும் ஒரு நர்ஸும் ஓர் ஆலோசகரும் தயாராக இருந்தால், அதற்குப் பெயர் மதுவிலக்கு. இல்லாவிட்டால் அது ஷட்டரை இறக்குவது. அவ்வளவுதான்.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். சாயங்காலம் தடுமாறிக்கொண்டு வருவார், பிள்ளைகள் ஓடி ஒளியும். அவரை நாம் என்னவென்று கூப்பிடுகிறோம்? 'குடிகாரன்' என்றா? அடுத்த தடவை, அவர் தெளிவாக இருக்கிற ஒரு காலை நேரத்தில், பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'அண்ணே, இதுக்கு வைத்தியம் இருக்காம். போய்ப் பாத்துட்டு வருவோமா? நானும் கூட வர்றேன்' என்று சொல்லிப் பாருங்களேன்.

'நானும் கூட வர்றேன்.' மஞ்சக்குடி செய்ததும் அதைத்தான்.